மூக்குப் பஞ்சு எடுத்த பத்து நிமிடம்

தம்பிக்கு மூக்குத் தண்டு, அதாவது இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் உள்ள சுவர், வளைவு, ஒப்பரேசனுக்குத் துணைக்கு வந்து நில் என்று அம்மா சொன்னதால் இந்த முறை யாழ்ப்பாணம் போனேன். ஏழு வருடத்துக்கு முன் இதே ஒப்பரேசன் எனக்கு ரொறன்ரோவில் நடந்தது.

தியேட்டரால் வந்தவனுக்கு இரண்டு மூக்கும் பஞ்சால் அடைத்துக் கிடந்தது. எனக்குப் பஞ்சு அடைக்கவே இல்லை. தண்டின் இரு பக்கத்துச் சவ்வையும் கரையும் நூலால் சேர்த்துத் தைத்து, மெல்லிய சிலிக்கோன் தகடு வைத்து, அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள், ஒரு கிழமையால் தகட்டை எடுத்தார்கள். சவ்வுக்குள் இரத்தம் தேங்காமல் அந்தத் தையலே பார்த்துக்கொள்ளும். இவனோ இரண்டு இரவு வாயால் மூச்சு விட்டு, நாக்கு ஒட்டி, எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் காது அடைத்து, நித்திரையே இல்லை. ஈரத் துணியால் உதட்டை நனைத்தபடி இருந்தேன். தைத்து விட்டிருக்கலாமே என்று கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் காலை பஞ்சு எடுக்க வந்த தாதிப் பிள்ளை, காய்ந்தபடியே பஞ்சின் நூலைப் பிடித்து இழுத்தாள். தம்பி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அப்போதுதான் வயதான மிஸ்ஸி, மூத்த தாதி ஒருவர், வந்து அவளை நிறுத்தினார். சிரிஞ்சில் சேலைன் எடுத்து இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக விட்டார். "பத்து நிமிசம் ஊறட்டும் தம்பி, வாயால மூச்சு விடுங்கோ" என்று தோளில் கை வைத்தபடி நின்றார், அந்தப் பத்து நிமிடமும் அசையவில்லை. பிறகு மெல்ல இழுக்க, என் சுண்டுவிரலை விட நீளமாக, இரத்தத்தில் ஊதிப்போன பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தது. ரொறன்ரோவில் எனக்குப் பக்கத்தில் அப்படி ஒருவரும் நின்றதில்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய நாலு பக்கக் கடதாசியும் ஒரு தொலைபேசி இலக்கமும்தான் கிடைத்தது.

ஆனால் அந்தக் கடதாசி இங்கே இல்லை! மருந்துத் துண்டைத் தந்து, ஒரு கிழமையால் வாங்கோ என்றார்கள், அவ்வளவுதான். வீட்டில் அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கப் பானை வைத்துவிட்டார். முதல் கிழமை சூட்டு ஆவி பிடித்தால் இரத்தம் கசியும் என்று சொல்லி இறக்க வைத்தேன். பிறகு இருந்து தமிழில் எழுதினேன்: இரண்டு கிழமை மூக்குச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, டொக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஒரு கிளாஸ் கொதித்தாறிய தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா.

மறு கிழமை அதில் ஒரு பிரதியை மிஸ்ஸியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசித்தார். "அப்பச்சோடா எண்டு எழுதினது நல்லம், பைகாபனேற்று எண்டால் சனத்துக்கு விளங்காது" என்று சொல்லி, இன்னும் பத்துப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.