ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ரேசர், பழைய போலோ டிஎஸ்ஐ: டெல்டா ரோட்டுக்கு எது?

மூன்றும் வேகப் பிரியர்களுக்கான சின்னக் கார்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பிஎஸ் பவர், 172 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்). டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் 120 பிஎஸ், 170. 2020இல் வந்து 2022இல் நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ 110 பிஎஸ், 175. மூன்றுமே மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல். எண்களை வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான். வித்தியாசம் ரோட்டில்தான் தெரியும். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் மூன்றும் பறக்கும். ஆற்றை ஒட்டி ஓடும் கல்லணை–பூம்புகார் ரோட்டில் டிராக்டர், வளைவு, ஊருக்கு ஊர் வேகத்தடை. அங்கே இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும்தான் வேலை செய்யும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புது வண்டி வாங்கி, வாரண்டியோடு, கை வைக்காமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஐ20 மேனுவல். டியூன் செய்யவே (இன்ஜின் பவரை ஏற்றவே) வாங்குகிறீர்கள் என்றால் நல்ல நிலையில் கிடைக்கும் போலோ மேனுவல். ரேசர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் அதற்கென்று ஒரு பலம் இருக்கிறது.

ஐ20இல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். போலோவில் பின்னால் டிரம். ஐ20க்கு முழு மேனுவல் கியர் 2023 ஃபேஸ்லிஃப்டில்தான் வந்தது. அதற்கு முந்தியது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி, டியூனிங் ஆசை இருந்தால் அதைத் தொடவேண்டாம். டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓட்ட சுகம், ஆனால் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். முகூர்த்த நாளில் கும்பகோணம் கடைத்தெருவில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதிப் பிடியிலேயே உரசிச் சூடாகும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைத்த பிறகே பிரேக்கை விட்டு நகருங்கள்.

ரேசரின் பலம் அதன் பழைய பாணிப் பெட்ரோல் பீச்சல். இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னாலேயே பீச்சுவதால் இன்டேக் வால்வை பெட்ரோல் கழுவிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டிலும் நேரே சிலிண்டருக்குள் பீச்சல். அதனால் வால்வில் கரி படியும், நாளாக ஆக ஐடிலில் நடுக்கம் வரும். விரட்டி விரட்டி ஓட்டுகிறவர்களுக்கு ரேசரின் இன்ஜின் சத்தமும் அதிர்வும் கொஞ்சம் முரடாகத் தோன்றலாம். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு அது பெரிய குறையில்லை.

போலோ வாங்கும்போது பானட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கம் டார்ச் அடியுங்கள். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு அங்கேதான் இருக்கிறது. அதன் அடியில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை இருந்தால் கூலன்ட் கசிகிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் எக்ஸாஸ்ட் கிளாம்பையும் சஸ்பென்ஷன் போல்ட்டையும் தனியாகப் பாருங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் தின்னும். ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பரவலாவதற்கு முன்பே நின்றுபோன கார் என்பதால் எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இனி டியூனிங். டியூனிங் பாக்ஸ், ரீமேப் என்று இரண்டு வழி. பாக்ஸ் என்பது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) சென்சாருக்கும் இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, பிரஷர் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். இசியூ அதை நம்பி பூஸ்டை ஏற்றும். கழற்றி வைப்பது சுலபம். ஆனால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விடும் நேரம்) அதன் கையில் இல்லை. மே மாத வெயிலில் உள்ளே போகும் காற்று சூடாகும்போது இது சரியாகச் சமாளிக்காது. ரீமேப் என்பது இசியூவுக்குள் இருக்கும் மேப்பையே, அதாவது அளவு அட்டவணையையே, திருத்தி எழுதுவது. அதில் பூஸ்ட், டைமிங், எரிபொருள் மூன்றும் சேர்ந்தே மாறும். செய்தால் ரீமேப்தான் செய்யவேண்டும். டிசம்பரில் டைனோவில் (பவர் அளக்கும் உருளை மேடையில்) ஏற்றி நன்றாக இருந்தது என்று விடாமல், கோடையில் ஒருமுறை டேட்டா லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுத்து, இன்டேக் வெப்பமும் நாக் (சிலிண்டருக்குள் தாறுமாறாக எரிந்து தட்டுவது) காரணமாக டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதும் பாருங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப் என்றால் அந்தப் பெட்ரோல் உங்கள் ஊர் பங்கில் எப்போதும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

போலோவின் மேனுவல் கியர்பாக்ஸ் எம்க்யூ200. அந்த 200 நியூட்டன் மீட்டர்தான் அதன் டார்க் தாங்கும் அளவு. ஸ்டேஜ் 1 மேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் செய்யும் முதல்படி ரீமேப், அதைத் தாண்டிப் போகக்கூடியது. 200க்குள் நிறுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். மேப்புக்குப் பிறகு ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வையுங்கள், அகலமாக இருந்தால் அதிக பூஸ்டில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் வரும். 15,000 கிலோமீட்டர் ஆயில் இடைவெளியை 7,500 ஆக்குங்கள். இன்ஜின் வாரண்டி போகும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லவேண்டும்.

மேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றை மறக்காதீர்கள். கதிர் அறுக்கும் மிஷினுக்குப் பின்னால் ஐந்தாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் அதே கியரில் மிதிக்கக்கூடாது. நேரடிப் பீச்சல் டர்போ இன்ஜினில் தீப்பொறிக்கு முன்பே எரிதல் தொடங்கி பிஸ்டன் ரிங் பிடிக்கும் விளிம்பே உடையலாம். மூன்றாம் கியருக்கு இறக்கிவிட்டு மிதியுங்கள். ஆயிலும் ஏபிஐ எஸ்பி தரமாக (டப்பாவிலேயே போட்டிருக்கும்) இருக்கட்டும்.

டயரில் பெரிதாக்கும் ஆசை வேண்டாம். 195/55 ஆர்16இன் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 போட்டால் 92தான். மதகுப் பாலத்தின் விளிம்பு ரிம்மை வளைக்க அந்தப் பதினைந்து மில்லிமீட்டர் போதும். தாழ்த்தும் ஸ்பிரிங்கும் இந்த ரோட்டுக்கு ஆகாது. திறந்த ஏர் ஃபில்டரையும் தவிர்த்துவிடுங்கள். அறுப்பு நாளில் பதர்த்தூசியை இழுக்கும், ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சம்பா அறுப்பு முடிந்ததும் முன்பக்க கிரில்லுக்குள் பாருங்கள். ஏசி கண்டென்சர் தகட்டிடுக்கில் பதர் அடைத்திருக்கும். பின்னாலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் தகடு மடங்கிவிடும். ரோட்டில் வைக்கோலோ உளுந்துச் செடியோ பரப்பியிருந்தால் அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள். வேறு வழியின்றி ஏற்றிவிட்டால், தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும், கொதிக்கும் எக்ஸாஸ்ட் பாகம்) பக்கம் சுற்றியிருக்கும் வைக்கோல் தீப்பிடிக்கும். கருகல் வாடை வந்தால் இன்ஜினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள். வாடை இல்லையென்றால் சூடு ஆறவிட்டு நீளமான குச்சியால் இழுத்து எடுங்கள்.