டாப்லாப் மெட்ஸ்: அரசாங்க மாத்திரை, தனியார் கவுண்டர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வயதானவர்கள் உள்ள நம் வீடுகளில் பிரஷரோ சர்க்கரையோ இல்லாத வீடு அபூர்வம், அதனால்தான் இதை எழுதுகிறேன். அரசு கிளினிக்கில் வைத்தியம் பார்க்கிறவர்கள், மாதாமாதம் மருத்துவமனை வரிசையில் நிற்காமல், பக்கத்து மாலில் இருக்கிற தனியார் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. காசு கிடையாது. 2014இல் சி.சி.எம்.டி.டி. (நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை ஒரே இடத்தில் கட்டி அனுப்பும் திட்டம்) என்று ஆரம்பித்தார்கள், இப்போது டாப்லாப் மெட்ஸ் என்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமியார் இதில் இருக்கிறார், நான் மெடிக்கல் எய்டில், அதாவது சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீட்டில். இரண்டு பேருக்கும் பிரஷர், இரண்டு பேருக்கும் ஒரே அம்லோடிபின்.

முன்பெல்லாம் மாத்திரை நாள் என்றால் விடியும் முன்னே மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ரொட்டி எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புவார். கார்டு எடுக்க ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, கடைசியில் மருந்துக்கு ஒரு வரிசை, திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். இப்போது நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டு ஒப்பந்த நிறுவனத்துக்குப் போகிறது, அவர்கள் பெயர் ஒட்டிப் பொட்டலம் கட்டி நாம் சொன்ன இடத்துக்கு அனுப்புகிறார்கள், போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது, அடையாள அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுகிறார்கள். பரிசோதனைக்கு மட்டும் ஆறு மாதம் கழித்துக் கிளினிக் போனால் போதும். மாமியார் பென்ஷன் எடுக்கப் போகும்போதே அரிசி பருப்போடு இதையும் வாங்கி வந்துவிடுகிறார். பொட்டலம் மூடியே இருக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் இதில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்கள், உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் இந்த நாட்டினுடையது. அவர்கள் மருந்து வரும் அதே பாதையில்தான் நம் சர்க்கரை மாத்திரையும் வருகிறது.

குறையும் இருக்கிறது. எஸ்.எம்.எஸ். சில சமயம் வராது. ஒரு தடவை பொட்டலத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இல்லை, கடையில் கேட்டால் நாங்கள் கொடுப்பதோடு சரி, கிளினிக்கில் கேளுங்கள் என்றார்கள், கிளினிக்கில் கேட்டால் கடையில் கேளுங்கள் என்றார்கள். அந்தக் கடையில் அரசு நோயாளிகளுக்கென்று மூலையில் தனி வரிசை வேறு. காசு கட்டுகிறவர்களுக்கு நாலு கவுண்டர், இவர்களுக்கு ஒன்று, அதுவும் ஆள் சாப்பிடப் போனால் மூடிவிடும். ‘மாப்பிள்ளை, இங்கேயும் நமக்கு வேற வரிசைதானா’ என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. சில இடங்களில் பெலெபாக்ஸ் என்ற லாக்கர் வைத்திருக்கிறார்கள், போனுக்கு வரும் எண்ணை அழுத்தினால் பெட்டி திறக்கும். நியோ ஹுட்டிரி என்ற நம் நாட்டு இன்ஜினியர் செய்தது. அதில் ஆள் முகம் பார்த்து வரிசை பிரிக்க முடியாது.

சரி, என் பக்கம். மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறேன். 1998 மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மருந்தை என் மெடிக்கல் எய்டு கொடுத்தே ஆகவேண்டும், ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கிற மாத்திரை, அவர்கள் சொல்கிற கடை. மீறினால் மீதியை நான் கட்டவேண்டும். தனியார் கடையில் மாத்திரைக்கு 15% வாட், அதற்கு மேல் கடைக்காரர் கட்டணம். அரசாங்கமோ மொத்தமாக டெண்டரில் பல மடங்கு சல்லிசாக வாங்குகிறது. அதற்கான பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்து வருகிறது, ஒரு சூத்திரப்படி மாகாணங்களுக்குப் பிரிகிறது. மாமியார் சோப்புக்குக் கொடுக்கிற வாட்டும் அதில்தான் சேர்கிறது. ஓசியில் வாங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். எனக்கும் அரசாங்கம் கொடுக்கிறது: மெடிக்கல் எய்டு கட்டுவதற்காக மாதாமாதம் ஒரு வரிக்கழிவு, சேர்த்திருக்கிற முதல் ஆளுக்கும் அதே தொகை. நாட்டின் மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி, ஆறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்காகத் தனியார் பக்கம் போகிறது.

மாமியாரையும் என் திட்டத்தில் சேர்க்கலாமே என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். வயதைக் காட்டியோ நோயைக் காட்டியோ ஆளை மறுக்கக்கூடாது, சந்தா கூட்டக்கூடாது என்பது அதே சட்டம், நல்ல சட்டம். ஆனால் சேர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லாததால் இளசுகள் வெளியே நிற்கிறார்கள், உடம்பு கெட்டபின் வருகிறார்கள், அதைத் தடுக்க நேரம் கழித்துச் சேர்கிறவர்களுக்கு 75% வரை அபராதச் சந்தா. வாழ்நாள் முழுக்க அந்தக் கூடுதலைக் கட்டவேண்டும். விட்டுவிட்டோம்.

15 மே 2024 அன்று ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட என்.எச்.ஐ. (தேசிய மருத்துவக் காப்பீடு) சட்டம் சொல்வதும் ஏறக்குறைய இதே மாதிரிதான்: ஒரே நிதி, அது எல்லாருக்குமாகத் தனியாரிடமும் அரசிடமும் சேவை வாங்கும். அது வழக்குகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் இன்னும் தெளிவான பதில் இல்லை. மாத்திரை விஷயத்தில் மட்டும் இந்த மால் கவுண்டர் அதைச் சத்தமில்லாமல் செய்து காட்டிவிட்டது. ஆனால் இது சுலபமான பகுதி, அதை மறக்கவேண்டாம். நோய் கட்டுக்குள் இருக்கிறவருக்குத்தான் பொட்டலம். மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்கு இன்னும் காத்திருக்கிறோம், அதற்கு எந்த மாலிலும் கவுண்டர் இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த மூலை வரிசைக்காக ஒன்றைக் குறைத்துவிட்டேன். சேர விரும்பினால் கிளினிக்கில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், சில இடங்களில் அவர்களாகச் சொல்வதில்லை. போன் நம்பர் மாறினால் உடனே மாற்றி எழுதச் சொல்லுங்கள். பொட்டலத்தைக் கவுண்டரிலேயே பிரித்து எண்ணிப் பாருங்கள், வெட்கப்படவேண்டாம். சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் மறுபடியும் அந்த மடக்கு நாற்காலிதான்.