காங்ஷி ஜாடின்னு 2,400 வெள்ளிய உருவிட்டானுங்க, பாத்து வாங்குங்க

சிங்கப்பூர்ல பழைய சைனா பீங்கான் சேக்கறவங்க இத படிச்சுட்டு அப்புறமா பணம் அனுப்புங்க. பேர் போடல, ஆன்லைன்ல ஏலம் விடற தளம், அவ்ளோதான். போனது 2,400 சிங்கப்பூர் வெள்ளி, டாலர்தான்.

நீல வெள்ளை ஜிஞ்சர் ஜார், மூடி போட்ட உருண்டை ஜாடி. விரிசல் விட்ட பனிக்கட்டி டிசைன், மேல வெள்ளையா ப்ளம் பூ, அடியில ரெட்டை வட்டம், உள்ள ஆறெழுத்து காங்ஷி முத்திரை, அதாவது காங்ஷிங்கற சீன ராஜா பேர்ல போட்ட முத்திரை. அதுதான் எனக்கு உறுத்துச்சு, ஏன்னா 1677ல சீனாவோட பீங்கான் ஊர் ஜிங்தேஜென்ல ராஜா பேர பீங்கான்ல எழுதக்கூடாதுன்னு தடை வந்துச்சு, அதனால நெஜ காங்ஷி சாமான் நெறையதுல வட்டம் காலியா இருக்கும் இல்லன்னா ஒரு இலை இருக்கும், 19ம் நூற்றாண்டு சரக்குலதான் காங்ஷி பேர இஷ்டத்துக்கு எழுதித் தள்ளியிருப்பாங்க. விக்கறவன்கிட்ட கேட்டேன். உடனே வீடியோ கால்ல வந்துட்டான். பெரனாக்கான் பாட்டியாம், அதான் இந்தப் பக்கம் தலைமுறையா இருக்கற சீன வம்சாவளி, வீட்ட காலி பண்றாங்களாம், சாமி மேசைய காட்டறான், பாட்டி போட்டோவ காட்டறான், பச்சப்புள்ளைய தூக்கற மாதிரி ஜாடிய துணியிலேந்து எடுத்து அடிய காட்டறான், விளிம்பெல்லாம் நல்லா பழுப்பேறி இருக்கு. அங்கதான் நம்பிட்டேன்.

வந்ததும் வெதுவெதுன்னு தண்ணியில கழுவுனா அந்தப் பழுப்பு கரைஞ்சு சிங்க்ல ஓடுது, கீழ புத்தம்புது வெள்ளை! லென்ஸ் வச்சு பாத்தா மேல இருக்கற கீறல் அத்தனையும் ஒரே பக்கமா போகுது. புழங்குன சாமான்ல அப்படியா இருக்கும்? சாண்ட்பேப்பர் வச்சு தேச்சிருக்கான்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. அவன் சொல்றான், "காங்ஷி முத்திரைன்னுதான போட்டேன், காங்ஷி காலம்னு எங்க போட்டேன்?" தளத்துக்கு எழுதுனா விக்கறவர்கிட்ட பேசுங்கன்னு பதில், திரும்ப எழுதுனா நிபுணர் கடிதம் கொண்டாங்க, கொண்டு போனா ரிட்டர்ன் தேதி முடிஞ்சுபோச்சு சார். இழுத்தடிச்சது யாருய்யா? 2,400 வெள்ளி, சும்மாவா? ஸ்மால் கிளைம்ஸ்ல, அதான் சின்னத் தொகை வழக்கு பாக்கற மன்றத்துல, போடப்போறேன்.

வாங்கறவங்களுக்கு விவரமா எழுதலாம்னு உக்காந்தேன், கை நடுங்குது. முத்திரைய நம்பாதீங்க. பாட்டி கதைய நம்பவே நம்பாதீங்க. அடி விளிம்ப நேர்ல பாத்து ஈரத்துணியால தேச்சுப் பாக்க விடலன்னா எந்திரிச்சு வந்துருங்க. எந்தக் காலம்னு பில்லுல எழுதி வாங்குங்க. மிச்சத்த கேஸ் போட்டுட்டு வந்து எழுதறேன்.