அம்மாவுக்கு வாங்கிய ஏர் பெட்: எட்டு மாதத்துக்குப் பிறகு

பக்கவாதம் வந்து அம்மா படுத்த மூன்றாவது வாரத்திலேயே முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நர்ஸம்மா அந்த இடத்தை விரலால் அழுத்திக் காட்டினார். அழுத்தினால் வெளுத்து, பிறகு சிவந்தால் சமாளித்துவிடலாம், வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு வெளுக்கவில்லை. அன்று மாலையே 2,800 ரூபாய் கொடுத்து ஏர் பெட் வாங்கினேன்.

மெத்தை முழுக்கக் குமிழ்கள், கூடவே ஒரு சின்ன மோட்டார். ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை இறங்கும், சில நிமிடங்களில் அது மாறும், அதனால் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்காமல் அங்கே ரத்தம் ஓட வழி கிடைக்கிறது. சத்தம் மீன் தொட்டி மோட்டார் அளவுதான்.

ஆனால் கடைக்காரர் "இதைப் போட்டுட்டா திருப்பியே படுக்க வைக்க வேண்டாம் சார்" என்றார் பாருங்கள், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறோம், அதுவும் முழுப் பக்கவாட்டில் இல்லை, முதுகுக்குத் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்துத்தான், இல்லாவிட்டால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கிவிடும். குதிகாலுக்கும் மெத்தையை நம்பி இருக்க முடியாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் பார்த்துக்கொள்கிறோம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாதாம், நான் இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறேன், இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

குறை என்றால் மோட்டாரிலிருந்து மெத்தைக்குக் காற்று போகிற டியூப்தான். ஒருநாள் ராத்திரி விரிப்பு மாற்றும்போது கழன்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் பார்த்தால் மெத்தை சப்பையாகக் கிடக்க, அம்மா வாய் திறந்து சொல்லவும் முடியாமல் அதன் மேல் படுத்திருந்தார். அன்றிலிருந்து தூங்கப் போகும் முன் அவர் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கிறேன், எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. அப்புறம், ரெக்சின் வியர்க்கிறதே என்று கனமான போர்வை போட்டால் மெத்தையின் பலனே போய்விடும். அப்பாவின் பழைய வேட்டி ஒற்றையாக விரித்தோம், அதுதான் சரியாக இருக்கிறது.

எட்டு மாதமாகிறது, அந்தச் சிவப்பு ஆறிவிட்டது, புதிதாக எங்கும் வரவில்லை. தாராளமாக வாங்கலாம். மோட்டாருக்கு வாரண்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் பலகையில் போடாமல் பஞ்சு மெத்தை மேல் போடுங்கள், கரண்ட் வந்து போகும்போதெல்லாம் மோட்டார் விளக்கு எரிகிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.