குதானி சிங்கத் தூபக்கால்: முதலில் மூடியை ஆட்டிப் பாருங்கள்

ஜப்பானின் இஷிகாவா பகுதிக் குதானி பீங்கானில் சிங்கத் தூபக்கால் அவ்வளவு அழகு! உடல் கிண்ணம், மேற்பாதி மூடி, திறந்த வாய் வழியே புகை.

பழையது வாங்கினால் வண்ணத்தில் மயங்காமல், மூடியின் நான்கு பக்கமும் விரலால் அழுத்துங்கள். 'டக்டக்' என்று ஆடினால், அது வேறொன்றின் மூடியாக இருக்கலாம். சூளையில் பீங்கான் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்டுச் சுருங்குவதால், ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்துவது அபூர்வம்.

சலித்த, ஈரமில்லாத சாம்பலை முக்கால் கிண்ணம் நிரப்புங்கள். நெருப்புத் தணலை வெறும் பீங்கானில் வைத்தால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். 3 செ.மீ. ஊதுபத்தித் துண்டை நட்டு, நன்றாகக் கனன்ற பிறகே மூடுங்கள். உடனே மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். நம் சாம்பிராணி இதற்கு வேண்டாம். பிசின் புகை வாயோரத் தங்கப்பூச்சில் பழுப்பாகப் படியும்.

தங்கமும் வண்ணமும் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சின்மேல் குறைந்த சூட்டில் சுட்டவை; எளிதில் தேயும். தேங்காய் நார், புளி எதுவும் படக்கூடாது. ஈர மெல்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மூடி கச்சிதமாக உட்கார்ந்தால், தங்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.