கொழும்புக்கு "ஃபுல் ஏசி" கலியாண நாள் பக்கேஜ்: வன்னிச் சனத்துக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு விளம்பரம் நிறையச் சுற்றுகிறது. கலியாண நாள், பிறந்த நாள் என்று குடும்பத்தோடு கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கொண்டாடிக் கூட்டிவருகிற ஏசி பக்கேஜ். அப்படி ஒன்றுக்கு நாங்கள் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா பேசிப் போனோம். போன இடத்தில் அம்மா நடுவெயிலில் மயங்கிச் சரிந்தா. பேசியதில் முக்கால்வாசி கிடைக்கவில்லை. இந்தச் சித்திரை, வைகாசியில் வயதான தாய் தகப்பனைக் கொழும்புக்குக் கூட்டிப்போக யோசித்திருப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் இதை முழுவதும் வாசியுங்கள்.

அம்மா அப்பாவுக்கு 35ஆவது கலியாண நாள். அவர்களுடைய கலியாண ஆல்பம் இடம்பெயர்வில் போய்விட்டது. எந்த ஊரில் விட்டது என்றுகூட அம்மாவுக்கு இப்போது சொல்லத் தெரியாது. இரண்டு பேரும் பட்டு உடுத்து ஒன்றாக நிற்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. கடற்கரையில் வடிவாக ஒரு படம் எடுத்து, நல்லதொரு இடத்தில் சாப்பிட வைத்துக் கூட்டிவருவோம் என்பதுதான் பிள்ளைகளின் ஆசை. பாதிக் காசை சுவிஸிலிருந்து அண்ணா அனுப்பினார். மீதி எங்கட பெரும்போக நெல் விற்ற காசு.

ஏ9 வீதியில் போர்டு போட்டு, மேசை கதிரையோடு இருக்கிற ஒரு சின்ன அலுவலகம் அது. ஊர்ப் பெடியள்தான் நடத்துகிறார்கள். நேரில் போய்க் கதைத்தோம். முழு ஏசி ஹையேஸ் வான், வெள்ளவத்தையில் கடல் பார்த்த மூன்று ஏசி அறை, மொட்டைமாடியில் மேசை அலங்கரித்து சைவச் சாப்பாடு, பின்னேரம் 5 மணிக்குக் காலிமுகத்திடலில் போட்டோ. இவ்வளவும் அவர்கள் சொன்னது. சொன்னது காணாது என்று ஒவ்வொன்றையும் வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "அம்மாவுக்குப் பிரஷர் இருக்கு, வெக்கை தாங்கமாட்டா, எங்களுக்கு ஏசிதான் முக்கியம்" என்று தனியாகவும் எழுதினேன். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் ஃபுல் ஏசி" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறது. முற்பணம் எண்பதாயிரம். பற்றுச்சீட்டில் ஒரு பெயர், காசு போடச் சொன்ன வங்கிக் கணக்கு வேறு பெயர். கேட்டபோது, அது கணக்குப் பார்க்கிற ஆளின் பெயர் என்றார்கள்.

இரவு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். அனுராதபுரம் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. விடிந்து நீர்கொழும்பு தாண்டி, பேலியகொடையில் வாகன நெரிசலுக்குள் வான் நின்றதும்தான் விசயம் வெளித்தது. பின்வரிசையில் இருந்த அப்பா சேட்டைக் கழற்றிவிட்டார். பின் இருக்கைகளுக்கு மேலே கூரையில் இருக்கிற துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது, குளிர் இல்லை. பக்கத்துத் துவாரத்துக்குள் பழைய பேப்பர் ஒன்றை மடித்து இறுக்கிச் செருகியிருந்தது, இருக்கிற கொஞ்சக் குளிரும் முன்பக்கம் போகட்டும் என்று. இழுத்தெடுத்தால் பேப்பர் மஞ்சளாகிப் போயிருந்தது. அன்றைக்குச் செருகினது இல்லை. சாரதி அண்ணை பாவம், மறைக்காமல் சொன்னார்: "ஏசி கேஸ் குறைவு தங்கச்சி, முதலாளியிட்டை எப்பவோ சொன்னனான்."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். ஓடுகிற வானில் என்ஜின் வேகமாகச் சுற்றும், அதோடு கொம்ப்ரஸரும் வேகமாகச் சுற்றும், முன்னாலிருந்து காற்றும் அடிக்கும். அதனால் கேஸ் குறைந்த ஏசிகூட இரவில் ஏ9 வீதியில் நல்லாகத்தான் இருக்கும். பகலில், நெரிசலில், ஏழெட்டுப் பேரோடு நிற்கும்போது அதே ஏசி படுத்துவிடும். "கிளிநொச்சியிலிருந்து வரும்போது குளிர்தானே, அப்போது ஏன் சொல்லவில்லை" என்று பிறகு அலுவலகத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இதுதான் பதில்.

வன்னி வெயிலில் நாள் முழுக்க வயலில் நிற்கிற அப்பா கொழும்பில் ஏன் அப்படித் தளர்ந்தார் என்று சிலர் கேட்டார்கள். எங்கட பக்கம் வெயில் கூட, ஆனால் காற்றில் ஈரம் குறைவு, வேர்வை காயும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கொழும்பில் கடல் ஈரம் முழுக்கக் காற்றில் நிற்பதால் வேர்வை ஒழுகிக்கொண்டே இருக்கும், காயாது. வெப்பமானி 32 பாகைதான் காட்டும். ஈரப்பதன் 70 வீதம் என்றால் உடம்புக்கு அது 40, 41 மாதிரி. சித்திரையில் சூரியன் வேறு உச்சத்தில். ஏப்ரல் 5 அளவில் தெற்கில் தொடங்கி, 7 அளவில் கொழும்புக்கு நேர் மேலே வந்து, 15க்குள் வடக்கைக் கடக்கும். அது கடந்தாலும் ஏப்ரல் முடியும் வரை நடுப்பகலில் நிழல் காலடியிலேயே கிடக்கும். இரவிலும் 25, 26க்குக் கீழ் பெரிதாக இறங்காது. இப்படிப்பட்ட இடத்துக்கு வயதானவர்களைக் கூட்டிப்போகிறவனுக்கு ஏசி என்பது அத்தியாவசியம். அது தெரிந்துதான் அந்தச் சொல்லைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்.

அறைக்குப் போனால் லிப்ட் வேலை செய்யவில்லை. நாலாம் மாடி. முழங்கால் நோவோடு அம்மா ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று ஏறினா. கடல் தெரிந்தது உண்மை, குளியலறை யன்னலால்.

மூச்சு வாங்கி முடிவதற்குள் போட்டோக்காரர் போன் எடுத்தார். பின்னேரம் தனக்கு வேறொரு கலியாண வீடு, இப்போதே வந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் நாளைக்கும் நேரமில்லை என்றார். பின்னேரம் 5 மணி என்றுதானே பேசியது என்று ஏஜென்டுக்கு எடுத்தேன். "அரை மணித்தியால வேலைதான் அக்கா, போயிட்டு வாங்கோ, இதை விட்டால் நான் ஒண்டும் செய்யேலாது" என்றார். அண்ணாவோடு கதைத்து நாங்கள் மறுக்க நினைத்தோம். அம்மாதான், "பரவாயில்லை, இதுக்குத்தானே வந்தனாங்கள்" என்று கூறைச் சேலையை எடுத்து உடுத்தா. அந்தப் பட்டை உடுத்திக்கொண்டு அவ படியிறங்கும்போது நேரம் பதினொன்றரை.

காலிமுகத்திடலில் அந்த நேரம் ஒதுங்கி நிற்க ஒரு நிழல் கிடையாது. போட்டோக்காரர் குடை கொண்டுவரவில்லை, வெளிச்சம் திருப்புகிற வெள்ளைத் தட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முகத்துக்கே பிடித்தார். கண் கூசி இரண்டு பேருக்கும் இமை திறக்க முடியவில்லை. "சிரியுங்கோ அம்மா, ஐயாவின்ரை தோளில கை வையுங்கோ" என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மாவின் மேலுதடு வெளிறி வருவதை நான் பார்த்தேன். பட்டுச் சேலையின் முதுகு முழுக்க நனைந்து நிறம் மாறியிருந்தது. போதும் என்று நான் கத்தவும், அம்மா அப்பாவின் தோளில் சரியவும் சரியாக இருந்தது.

செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஐயாதான் ஓடிவந்தார். தன் வண்டிக்குப் போட்டிருந்த குடையைக் கழற்றி அம்மாவுக்கு மேலே பிடித்தார். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். தெளிந்த பிறகு இளநீரைச் சின்னச் சின்ன மிடறாகக் கொடுத்தோம். ஐயா அதற்குக் காசே வாங்கவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டியபோது, உடம்பில் நீர் குறைந்ததால் வந்தது என்றார் டொக்டர். அம்மா எடுக்கிற பிரஷர் மாத்திரை சிறுநீரைக் கூடப் போகச்செய்கிற வகையாம். அப்படி மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வெக்கையில் உடம்பு கெதியாய் வறண்டுவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஆட்கள் இருந்தால் பயணத்துக்கு முன் ஒருக்கா டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி அறைக்கு வந்து ஏசியைப் போடலாம் என்றால் ரிமோட் இல்லை. கீழே கேட்டால், "உங்களுக்குப் போட்டிருக்கிறது நொன் ஏசி விலை. ரிமோட் வேண்டுமென்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 3,500 ரூபா மேலதிகம்" என்றார்கள். சுவரில் ஏசி தொங்குகிறது, அதைப் போடுகிற உரிமைக்குத் தனிக் காசு. ஏஜென்ட் அவர்களுக்குக் கட்டியிருந்ததே ஏசி இல்லாத விலைதான். மயங்கி விழுந்த மனிசியைப் படுக்கவைத்துக்கொண்டு வாக்குவாதப்பட முடியுமா? கட்டினோம்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. சித்திரையில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை வருவது எல்லாருக்கும் தெரிந்தது. மொட்டைமாடிக்குக் கூரை இல்லை, மாற்று இடமும் வைத்திருக்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். சைவம் என்று சொன்ன ஃபிரைட் ரைஸில் முட்டை கிடந்தது. அப்பா வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தார்.

ஊருக்கு வந்து அலுவலகத்துக்குப் போனால், வான் பிழை வான்காரனுடையதாம், அறை பிழை ஹோட்டல்காரனுடையதாம், நேரத்தை மாற்றியது போட்டோக்காரனாம். காசு வாங்கியது மட்டும் இவர்கள். படங்கள் கேட்டதற்கு, பத்துப் படம்தான் பக்கேஜில், மிச்சம் வேண்டுமென்றால் இன்னும் 15,000 என்றார்கள். அந்தப் பத்திலும் அம்மாவின் கண் மூடியிருக்கிறது.

எனக்கு இதில் விளங்கிய பெரிய விசயம், இவர்களிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. வானும் அறையும் படக்காரரும் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொன்றிலும் மலிவானதைப் பிடித்துக் கோர்த்துவிட்டு நடுவில் காசு எடுக்கிறார்கள். அதில் பிழை என்று நான் சொல்லவரவில்லை. பிரச்சினை வந்தால் பொறுப்பு யார் என்பதுதான் கேள்வி. ஆகவே யாரிடம் பேசினாலும் "வான், அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நாங்களே பொறுப்பு, தராததற்குக் காசு திருப்பித் தருவோம்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். அறை எடுக்கிற இடத்தின் பெயரைக் கேட்டு நீங்களே போன் போட்டு, எங்கள் பெயரில் ஏசி அறையா பதிந்திருக்கிறது, ரிமோட் காசு அதற்குள் அடக்கமா, லிப்ட் ஓடுகிறதா என்று கேளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா என்பதையும் கேட்கலாம். அவர்களின் இலக்கம் 1912. வானைப் பகல் நேரத்தில் கொண்டுவரச் சொல்லி, நிற்கிற நிலையிலேயே கதவைச் சாத்தி ஒரு கால்மணித்தியாலம் ஏசியைப் போட்டு, பின்வரிசைத் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். கார்டால் கட்ட முடிந்தால் கார்டால் கட்டுங்கள், சேவை கிடைக்காவிட்டால் வங்கியில் ஆட்சேபிக்க ஒரு வழி இருக்கும். கணக்குக்கு நேரே அனுப்பிய காசை, வாங்கியவர் சம்மதிக்காமல் வங்கி எடுத்துத் தராது.

கொழும்பில் வெளியில் போகிற அலுவல்களைக் காலை 9 மணிக்குள் அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகு வையுங்கள். காலிமுகத்திடல் என்றால் பொழுதுபடுகிற நேரம், சித்திரையில் அது ஆறேகால் மட்டில், கடல்காற்றும் இருக்கும். புறக்கோட்டைக் கடைத்தெரு, தெஹிவளை மிருகக்காட்சிசாலை இரண்டையும் நடுப்பகலில் நினைக்கவே வேண்டாம். போட்டோ நேரத்தை மாற்ற யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பேசிய தரத்தில் சேவை கிடைக்காவிட்டாலும் முறையிடலாம், ஆனால் 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். வட்ஸ்அப் செய்திகள், பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, ரிமோட்டுக்குக் கட்டிய பில், டொக்டரின் துண்டு எல்லாவற்றிலும் பிரதி வைத்தேன். முறைப்பாடு போனது தெரிந்ததும் ஏஜென்ட் போன் எடுத்து, அதை வாபஸ் வாங்கினால் இருபதாயிரம் தரலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை.

விசாரணை நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. சித்திரை, வைகாசிக்கு இப்படியான பக்கேஜ் பதிந்து முற்பணம் கட்டியிருப்பவர்கள், மீதிக் காசைக் கொடுக்க முன் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் பற்றுச்சீட்டில் இருக்கிற பெயரும் என்னுடையதில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பார்த்துச் சொல்கிறேன். ஏற்கனவே போய் இதேமாதிரி அனுபவப்பட்டவர்களும் எழுதுங்கள், ஒரே ஆட்கள் என்றால் சேர்ந்தே முறைப்பாடு கொடுக்கலாம்.