ஹங்கேரிச் சம்பந்திகள் வீட்டில் தங்கினால்: வீடியோ காலா, ஆப்பா, தாளா?

பையன் ஹங்கேரியில் டெப்ரெட்சன் நகரில் படிக்கப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டதில், சம்பந்திகள் எங்கள் கோவை வீட்டில் வந்து தங்கினார்கள். ஆங்கிலம் உதவவில்லை. ஹங்கேரிப் பள்ளிகளில் 1989 வரை ரஷ்ய மொழிதான் கட்டாயம், அந்தத் தலைமுறையில் பலருக்கு ஆங்கிலப் பழக்கமே கிடையாது. லீவு கிடைக்காமல் பையனும் மருமகளும் பின்னால்தான் வந்தார்கள், அதுவரை நாங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

மருமகளை வீடியோ காலில் கூப்பிட்டுப் பேசுவதில் தப்பு வராது. ஆனால் குளிர்காலத்தில் ஹங்கேரி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், இங்கே காலை 6 மணி என்றால் அங்கே நள்ளிரவு 1.30. பயணத் திட்டம், உடம்பு சரியில்லை என்பது போன்ற பெரிய விஷயங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் இரண்டு மொழியும் இருக்கின்றன. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும், மிக்ஸி ஓடும்போது டைப் செய்வதே நல்லது. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து ஊர்க்கதை பேச இதைவிட்டால் வழியில்லை.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்: இடப்பக்கம் ஹங்கேரியன், வலப்பக்கம் தமிழ் என்று அடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஒரு தாள். ஹங்கேரியப் பக்கத்தை மருமகள் எழுதி அனுப்பினாள். உச்சரிப்புத் தொல்லையே இல்லை, அவர்கள் ஒரு வரியைத் தொட்டால் நாம் எதிர்வரியைப் படிக்கிறோம், நாம் தொட்டால் அவர்கள் படிக்கிறார்கள்.

தாள் ஜெயிப்பது ஒரே காரணத்தால்: விருந்தாளி தானாகக் கேட்க முடிகிறது. ஆப் இருப்பது நம் போனில், நாம் நீட்டினால்தான் அவர்கள் பேச முடியும். அவர்கள் போனிலும் போட்டுக் கொடுத்தோம், ஆனாலும் ஒரு போர்வைக்காகப் போனை எடுத்துப் பேசிக் காட்ட வயதானவர்களுக்குக் கூச்சம், கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். அப்புறம் ராத்திரி முழுக்கக் குளிரில் படுத்திருப்பார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. தாள் ஒட்டிய பிறகு சம்பந்தியம்மா தானே வந்து 'வெந்நீர்', 'ஃபேனைக் குறைக்கலாமா', 'துணி எங்கே காயப்போடுவது' என்று தொட்டுக் காட்ட ஆரம்பித்தார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எழுதும்போது நம் கேள்விகளைவிட அவர்கள் கேட்கக்கூடியதை அதிகம் போடுங்கள். 'போதும்' கட்டாயம் வேண்டும், நாம் பரிமாறுகிற வேகம் அப்படி. 'காரம் வேண்டாம்' எழுதினோம், யாரும் தொடவில்லை. பாப்ரிகா மிளகாய் விளைகிற நாட்டுக்காரர்கள், காரம் புதிதில்லை. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவது அங்கேயும் வழக்கம்தான், அதற்கு வரி தேவைப்படவில்லை. மாத்திரை, தலைவலி, வயிற்றுவலி வரிகளைச் சிவப்பில் போடுங்கள், ஆனால் மருந்துப் பெயரை மருமகளிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், தாளையும் ஆப்பையும் நம்பாதீர்கள்.

சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது எவ்வளவு சரிப்படும் என்று நான் பார்த்ததில்லை. மருமகள் மாதிரி எழுதித் தர ஆள் இல்லாவிட்டால் ஆப்பில் மொழிபெயர்த்து, விருந்தாளி வந்ததும் முதலில் அவர்களையே ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், புரியாத வரியை அடித்துவிடலாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்கள் அறைக்குள் ஒட்டுங்கள்.